கோல்கீப்பர் ஓடிய ஓட்டம்

எங்கள் கோவில்பட்டி ஹாக்கி டீமுக்குப் புது மேனேஜராக வந்த வரதராஜுலு, எல்லார் முதுகிலும் ஓட்டத்தை அளக்கும் கருவியை மாட்டிவிட்டார். கம்ப்யூட்டர் காட்டிய கணக்கில் கோல்கீப்பர் சங்கிலிப்பாண்டிதான் கடைசி.

“மரம் மாதிரி நிக்கிறே! நாளைக்கு நீதான் அதிகமா ஓடணும். இல்லேன்னா டீம்லயே கிடையாது.”

“சரிங்க சார்” என்றான் பாண்டி.

மறுநாள் மாட்ச் தொடங்கியதும், காலில் கட்டிய கனத்த பேடுகளோடு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். எதிரணி காலி கோலை நோக்கிப் பந்தோடு பாய்ந்தது.

“டேய், கோலுக்குப் போடா!” மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார்.

“இன்னும் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கு சார், முடிச்சிட்டு வந்திருதேன்!”

அன்றோடு கோல்கீப்பருக்கு மட்டும் கருவி கிடையாது என்றானது.

பாண்டி இப்போது ஓமானில் லாரி ஓட்டுகிறான். “எப்பலே ஊருக்கு வருவ?” என்று போனில் கேட்டால் இன்றும் அதே பதில்தான்:

“இன்னும் கொஞ்சம் ஓட வேண்டியிருக்குலே, முடிச்சிட்டு வந்திருதேன்.”