மிச்சம் விழுந்த புளியங்கொட்டை

ஒரு ஊர்ல ஒரு கண்மாய். அந்தக் கண்மாய் மடையை அடைச்சுக்கிட்டு ஒரு பூதம் உட்கார்ந்திருந்துச்சாம். வருசத்துக்கு ஒரு வீட்டுக்காரங்க அதுக்கு முன்னால ஒரு மரக்கால் புளியங்கொட்டையைக் கொட்டணும். பூதத்துக்குப் பத்து விரல், பத்துக்கு மேல எண்ணத் தெரியாது. ரெண்டு ரெண்டா அடுக்கும், மூணு மூணா அடுக்கும், அப்படியே பத்துப் பத்தா வரைக்கும் அடுக்கிப் பார்க்கும். எதுலயாவது மிச்சமில்லாம வந்துச்சோ, அந்த வீட்டுப் பிள்ளை அதுக்கு.

"எல்லாத்துலயும் மிச்சம் விழுந்தா பிள்ளை உங்களுது. மிச்சமும் உங்களுது, அதை நான் தொட்டா கல்லாப் போறேன்"னு சத்தியம் வேற பண்ணியிருந்துச்சு. ஆனா எல்லாரும் எண்ணாம அள்ளிக் கொட்டினாங்க, அழுதுக்கிட்டே திரும்பினாங்க. ம் கொட்டுறியா? கேளு.

அந்த வருசம் வெள்ளத்தாய் முறை. அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை, பூவாயி. இப்பத்தான் சுவத்தைப் பிடிச்சு நடக்குது. வெள்ளத்தாய் அடுக்குப்பானையைத் துழாவினா. அடிப்பானையில அவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ சேர்த்த கொட்டை, ஒரு மரக்கால் அளவுக்கு, அப்படியே பளபளன்னு கிடந்துச்சு. அடடா, அது என்ன காலம்! வேப்பமர நிழல்ல ரெண்டு பேர் விளையாட வந்தாலும், ஏழு பேர் வந்தாலும், பத்துப் பேர் வந்தாலும் ஆளுக்குச் சமமாப் பிரிஞ்சிரும். உனக்குக் கூட, எனக்குக் குறைச்சல்னு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அதுக்காகவே பார்த்துப் பார்த்துச் சேர்த்த கொட்டை, இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.

"ஐயோ, எப்படி அடுக்கினாலும் சரியா வருமே"ன்னு பானையை மூடப் போனா. பிறகு, பிள்ளையை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு யோசிச்சா. 'நூறு மொய் எழுதினாலும் மேல ஒண்ணு வைக்கிறோமே. எப்படிப் பிரிச்சாலும் சமமா வர்ற குவியல்ல ஒண்ணைப் போட்டா, எப்படிப் பிரிச்சாலும் அந்த ஒண்ணு தனியா நிக்காதா?' உடனே ஒரு புளியம்பழத்தை உடைச்சு ஒரு கொட்டையைச் சேர்த்தா, கொண்டுபோனா, கொட்டினா.

"என்னடி வெள்ளத்தாய், பிள்ளைக்கு எண்ணெய் தேச்சுக் கூட்டியாந்தியா?"

"முதல்ல அடுக்குங்க சாமி."

ரெண்டு ரெண்டா அடுக்குச்சு, ஒண்ணு மிஞ்சுச்சு. மூணு மூணா அடுக்குச்சு, ஒண்ணு மிஞ்சுச்சு. அப்புறம் நாலு, அப்புறம் அஞ்சு, ஒன்பது வரைக்கும் அடுக்கியும் அதே ஒண்ணு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. கடைசியில பத்துப் பத்தா அடுக்குச்சு. மறுபடியும் அந்த ஒண்ணு! பூதம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு, அந்தக் கொட்டையை எடுத்துக் கடவாயில அடக்கிக்கிச்சு.

"சரியாப் போச்சு! கொண்டா பிள்ளையை!"

"கன்னத்துல என்ன சாமி உப்பலா?"

"பல்லுவலிடி."

"எங்க, வாயைத் திறங்க பார்ப்போம்."

திறக்க முடிஞ்சாத்தானே? பாதம் கல்லாச்சு, வயிறு கல்லாச்சு, உப்பின கன்னமும் கல்லாச்சு. பாரம் தாங்காம அப்படியே ஒருபக்கமாச் சாய, மடை பிச்சுக்கிட்டுத் தண்ணி பாய்ஞ்சுது. தண்ணியோட தண்ணியா, போன பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்துச்சுங்க. எந்த அம்மாவும் எண்ணிப் பார்க்கலை, அள்ளிக்கிட்டாங்க.

பூதம் கல்லாக் கரையில கிடக்கு, பிள்ளை அம்மா மடியில கிடக்கு, கதை தலகாணிக்கு அடியில கிடக்கு. நீ கண்ணை மூடு.