பாதையை நேராக்கிய கலைமான்

பிள்ளைகளே, ஒரு காட்டில் விலங்குகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே தலைமைப் பண்பு என்றொரு பாடம். அதில் முதல் மாணவன் செங்கோடன் என்ற கலைமான். தலைவனுக்குரிய பன்னிரண்டு இலக்கணங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். கெட்டிக்காரன்தான், கர்வம்தான் கொஞ்சம் கூடுதல்.

கடைசிப் பருவத்தில் செய்முறைத் தேர்வு வந்தது. பேராசிரியர் கரடி அவனை அழைத்தார்.

"ஏரிக்கரைப் புள்ளிமான் கூட்டத்துக்குத் தலைவன் இல்லை. ஒரு மாதம் நீ நடத்து. என்ன மாற்றம் கொண்டுவந்தாய் என்று அறிக்கை எழுது. மாற்றம் இல்லையென்றால் மதிப்பெண்ணும் இல்லை."

செங்கோடன் போய்ப் பார்த்தான். மான்கள் தினமும் தண்ணீர் குடிக்க ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தன. கண்ணெதிரே புல்வெளி, அதைத் தாண்டினால் ஏரி. இவை ஏன் இப்படிச் சுற்றுகின்றன? அவனுக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு மாற்றம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தான்.

"நாளை முதல் புல்வெளி வழியாக நேரே போகிறோம். பாதித் தூரம் மிச்சம்!" என்று அறிவித்தான்.

கூட்டத்தில் வெள்ளச்சி என்ற பெண்மான் இருந்தாள். பிறந்து ஒரு மாதமே ஆன குட்டி அவள் காலடியில் நின்றது. "தம்பி, அந்த வழி வேண்டாம். நாங்கள் சுற்றிப் போவதற்குக் காரணம்..."

"அக்கா, மாற்றம் என்றால் நாலு பேர் எதிர்க்கத்தான் செய்வார்கள். எதிர்ப்பைத் தாண்டி நடத்துபவனே தலைவன். பாடத்திலேயே இருக்கிறது."

"பாடத்தில் இருக்கட்டும் தம்பி. காற்று வந்து..."

"பயப்படாதீர்கள். நான் முன்னால் போகிறேன்."

வெள்ளச்சி குட்டியை ஒட்டி நின்றுகொண்டாள். படித்தவன் தெரியாமலா சொல்வான் என்று மற்ற மான்கள் தலையாட்டின.

ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. செங்கோடன் அறிக்கையை எழுதியே முடித்துவிட்டான்.

பத்தாம் நாள் ஏரிக்கரை நாணலில் ஒரு புலி படுத்திருந்தது. காற்று மான்களின் முதுகுப் பக்கமிருந்து வீசியது. அவற்றின் வாடை புலிக்குப் போனது. புலியின் வாடை அவற்றுக்கு வரவில்லை. ஒரே பாய்ச்சல். மான்கள் சிதறி ஓடின. முன்னால் போன செங்கோடனும் ஓடினான்.

பாறையடியில் எல்லாம் வந்து சேர்ந்தபோது வெள்ளச்சியின் குட்டியை மட்டும் காணோம். அவள் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கூப்பிடவில்லை.

செங்கோடன் வெள்ளச்சியின் அருகில் போனான். "அக்கா, என்னவோ காரணம் சொல்ல வந்தீர்களே, அது என்ன?" என்று இப்போது கேட்டான்.

"பாறையைச் சுற்றி ஏரியின் மறுபக்கம் வந்தால் காற்று ஏரியிலிருந்து நம் முகத்தில் அடிக்கும். புலி இருந்தால் தூரத்திலேயே வாடை தெரிந்துவிடும். இதைச் சொல்லத்தான் இரண்டு தரம் வாய் திறந்தேன். சொல்ல விட்டாயா, தம்பி?"

என்ன சொன்னால்தான் அந்தத் தாய்க்கு ஆறும்?

மறுநாளே மான்கள் பழைய பாதைக்குத் திரும்பின. மாதம் முடிந்தது. செங்கோடன் ஒன்பதாம் நாளே எழுதி வைத்திருந்த அறிக்கையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான். குட்டியைப் பற்றியோ பழைய பாதைக்குத் திரும்பியதைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. சேர்த்து எழுத அவனுக்குத் துணிவு வரவில்லை.

கரடி படித்துப் பார்த்தார். "தூரம் பாதியாகக் குறைந்தது. எதிர்ப்பையும் சமாளித்திருக்கிறாய். அருமை! முதல் வகுப்பு."

செங்கோடன் ஓரடி முன்னால் வந்தான். "ஐயா, அதில் ஒரு பொய் இருக்கிறது."

"என்ன பொய்?"

"ஒரு குட்டி செத்துப்போனது ஐயா. எதிர்ப்பு என்று நான் எழுதியிருப்பது அதன் தாய் சொல்ல வந்த எச்சரிக்கை."

கரடி அறிக்கையை இன்னொரு முறை புரட்டினார். "அதை எழுதினால் நீ தேற மாட்டாய்" என்றார் மெல்ல.

"தெரியும் ஐயா. எனக்குப் பின் வருகிறவன் உண்மையைப் படிக்க வேண்டும், கொடுங்கள்" என்று அறிக்கையைத் திரும்ப வாங்கி, செங்கோடன் எழுத உட்கார்ந்தான்.

நீதி: மறுத்துச் சொல்பவரின் பேச்சை முடியும்வரை கேளாதவன், தன்னை நம்பி வந்தவர்களைக் காக்க மாட்டான்.