இரண்டாவது டிகாஷன்

மலைக்குக் கீழே ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குருவாக இருந்தது ஒரு பெண். வயது குறைவுதான். ஆனாலும் தலை நரைத்தவர்கள்கூட அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர்களில் தணிகாசலம் என்று ஒருவர். பெயிண்ட் கடை வைத்திருந்தவர். மனைவி சௌந்தரம் இறந்து, காரியமெல்லாம் முடிந்து, அன்றைக்குத்தான் ஆசிரமத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை.

சாவைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று மற்றவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு எந்தக் காபி மெஷின் வாங்கலாம் என்று அவர் கேட்டார்.

யாரோ சிரித்தார்கள். சமையல் பார்க்கும் பொன்னுத்தாயி, மிக்ஸி ரிப்பேரானாலும் இனி இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள் போல என்று முணுமுணுத்தாள். அம்மா சிரிக்கவில்லை.

தணிகாசலத்தின் மகள் போனில் படம் படமாக அனுப்பியிருந்தாள். பொத்தானை அமுக்கினால் வருவது ஒன்று. கொட்டையைத் தானே அரைத்துக்கொள்வது ஒன்று. கடை கடையாகப் போய்ப் பார்த்தாராம். போன இடமெல்லாம் போட்டுக் குடிக்கக் கொடுத்தார்களாம். ஒன்றிலும் அந்த ருசி இல்லையாம். காலையில் எழுந்தால் வீடு கம்மென்று கிடக்கிறது, பயமாக இருக்கிறது என்றார்.

“அவ போடுற காபி மாதிரி ஒரு வாய் வந்துட்டாப் போதும்மா. அடுப்படியில இருக்கான்னு நெனச்சுக்கிட்டே ஓட்டிடுவேன்.”

“அவங்க எதுல போடுவாங்க?”

பையிலிருந்து பித்தளை ஃபில்டரை எடுத்தார். சௌந்தரம் வாங்கி வைத்த பொடி டப்பாவும் அதில் இருந்தது. தானே போட்டுப் பார்த்தாராம். ஒரு நாள் டிகாஷன் இறங்கவே இல்லை. ஒரு நாள் கடகடவென்று இறங்கிவிட்டது.

அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். தணிகாசலமும் பொன்னுத்தாயியும் பின்னாலேயே போனார்கள். அம்மா பொடியைப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினார். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

அந்த முதல் டிகாஷனில் பாலும் சர்க்கரையும் கலந்து, நுரை வர ஆற்றிக் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்ததும் தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதேதாம்மா.”

அம்மா ஃபில்டரைத் திறந்து அதே பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றினார். எனக்கு ஒரு டம்ளர் போதும் என்றார் அவர்.

“இது உங்களுக்கு இல்லைங்க ஐயா.”

இரண்டாவது டிகாஷன் இறங்கியது. பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய பாலை விட்டுக் கலந்தார். சாம்பல் மாதிரி ஒரு நிறம். அதையும் அவர் கையிலேயே கொடுத்தார்.

குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா, வெந்நீர் மாதிரி இருக்கு. இதை யார் குடிப்பாங்க?”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டம்ளர் அவர் கையில் அப்படியே இருந்தது.

பிறகு தணிகாசலம் சொன்னார். பேப்பரை விரிக்கும்போதே காபி வந்துவிடுமாம். சௌந்தரம் எப்போது, எதைக் குடிப்பாள் என்று பார்த்ததே இல்லையாம். ஸ்ட்ராங்காகக் குடித்தால் எனக்கு ஒத்துக்காது என்று அவளே சொல்லியிருக்கிறாளாம். ஒரு முறை அவள் தங்கை மகள் கல்யாணத்தில், மண்டபத்துக் காபியைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தாளாம். வீட்டில் நான் காபியே கண்ணில் காட்டுவதில்லை என்று ஊர் நினைக்கப்போகிறது என்று இவர் எல்லோருக்கும் முன்னால் கேலி பண்ணினாராம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

பொன்னுத்தாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காபி ஆறிப்போயிருந்தது. தணிகாசலம் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“அந்த மெஷின்ல ரெண்டாவது டிகாஷன் வருமாம்மா?”

“வராதுங்க. ஒவ்வொரு டம்ளருக்கும் புதுப்பொடிதான்.”

“அப்ப நான் எதை வாங்க?”

அம்மா ஃபில்டரைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அவர் பையிலேயே திரும்ப வைத்தார்.

“எதை வேணாலும் வாங்குங்க ஐயா. இனிமே உங்க வீட்ல முதல் டிகாஷன் மட்டுந்தான்.”