தமிழ் பிடிக்கும் வில்லை

மலை மேல் வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. அங்கே ஒரு மரவில்லை இருந்தது. நடுவில் ஓட்டை, ஓட்டையில் கயிறு.

வாய் தவறித் தமிழ் பேசிய பையன் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அடுத்துத் தமிழ் பேசுகிறவனைப் பிடித்து அவன் கழுத்துக்கு மாற்றினால்தான் இவன் தப்பலாம். சாயங்கால மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு ஆறு பிரம்படி. இப்படி எண்பது வருஷம். பள்ளிக்கூடமே தன் கயிற்றில்தான் தொங்குகிறது என்று வில்லைக்கு நினைப்பு.

நூற்றைம்பதாவது ஆண்டு விழா வந்தது. பழைய சாமான்களில் உருப்படியானது கண்ணாடி அலமாரிக்கு, மற்றது வெந்நீர் அடுப்புக்கு என்று முடிவாயிற்று. சாமான் அறையில் சாமான்களே கூட்டம் போட்டன. பள்ளியை நிறுவிய ஹாப்வுட் துரையின் படம்தான் தலைமை. தூசி தட்ட ஹாலிலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள்.

"செய்த சேவையை இங்கிலீஷில் சொல்லுங்கள். தமிழ் பேசினால் அடுப்பு" என்று இங்கிலீஷில் உத்தரவிட்டது படம்.

பிரம்பு "எஸ் சார்" என்றது. அதற்கு அலமாரி. மணி "டிங் டாங்" என்றது. அதுவும் இங்கிலீஷ்தான் என்று படம் ஒப்புக்கொண்டது.

வில்லை வாயைத் திறந்தது.

"அது வந்துங்க ஐயா..."

அறையே சிரித்தது.

"இங்கிலீஷ்!" என்று உறுமியது படம்.

"எங்க போய்க் கத்துக்க? தமிழ் பேசுறவன் கழுத்துலயே மாட்டுனீங்க. இங்கிலீஷ் பேசுறவன் கழுத்துல ஒரு நாளாவது தொங்க விட்டீங்களா? கேட்டதெல்லாம் தமிழு. அதுலயும் பாதி உங்களைத் திட்டுன தமிழு."

படத்தின் மீசை துடித்தது. "சட்டம் சட்டம்தான். அடுப்பு!"

வெந்நீர் போடும் சூசை விறகு பொறுக்க உள்ளே வந்தான். வில்லையைத்தான் முதலில் எடுத்தான்.

"சூசையண்ணே, என்னை எரிச்சா ஒரு டம்ளர் தண்ணிகூடச் சுடாது. விட்ருங்கண்ணே."

"அட, நம்ம பேச்சு!" சூசை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு விறகு தேடினான். கண் படத்தில் விழுந்தது.

"சட்டம்னா இதுல்ல சட்டம்! அசல் தேக்கு. ரெண்டு கொப்பரை வெந்நீர் காயும்."

"ஸ்டாப் இட், மேன்!"

ஏதோ ஜன்னல் கிறீச்சிடுகிறது என்று நினைத்தான் சூசை. படத்தைக் கவிழ்த்து முழங்காலில் வைத்து அழுத்தினான். சட்டம் நெரிந்தது.

"ஐயோ! முறிச்சிடாதப்பா! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

நூற்றைம்பது வருஷம் சுவரில் தொங்கியவருக்குக் காது இருக்காதா?

சூசை கையை எடுத்தான். பையிலிருந்து வில்லை எட்டிப் பார்த்தது. "அண்ணே, துரை தமிழ் பேசிட்டாரு. என்னை எடுத்து மாட்டுங்க."

"இந்த ஒரு தடவை விட்டுடு கண்ணு..." படம் குழைந்தது.

"சட்டம் சட்டம்தானுங்களே ஐயா."

விழா முடிந்துவிட்டது. துரை ஹாலில் பழைய இடத்துக்கே போய்விட்டார், கழுத்தில் வில்லையோடு. ராணி கொடுத்த பதக்கம் என்று பிரின்ஸிபால் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

அதைக் கழற்ற வேண்டுமானால் பள்ளிக்கூடத்துப் பையன் எவனாவது தமிழ் பேசி மாட்டிக்கொள்ள வேண்டும். துரையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். ஒரு பயல் பேசக் காணோம்.