யாரும் தின்னாத கிழங்குத் தலை

முள்ளம்பன்றி மருதி முன்னங்கால்களால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வேங்கை மரத்தில் ஒரு காய்ந்த கொடி சுற்றியிருந்தது. அந்தக் கொடி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில்தான் காட்டு வள்ளிக்கிழங்கு இருக்கும். கிழங்கு தட்டுப்பட்டதும் மருதி அவசரப்படாமல் சுற்றிலும் தோண்டியது. கொடியோடு ஒட்டியிருந்த தலையை மட்டும் கடித்துத் துண்டித்து, மறுபடி குழிக்குள் வைத்தது. மண்ணைத் தள்ளி மூடி, பாதத்தால் அழுத்தியது.

குட்டி சின்னான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அதை மட்டும் திருப்பிப் புதைக்கிறே?"

"அது கிழங்கோட வாய்டா. வாயை மண்ணுல விட்டுட்டா, மழை வந்ததும் மறுபடி தின்னு பெருக்கும். அடுத்த வருசம் நாம வந்து எடுத்துக்கலாம்."

"வாயையும் தின்னா என்னம்மா?"

"கசக்கும். தொண்டையெல்லாம் அரிக்கும்."

சின்னான் கிழங்கையே பார்த்தது. ஒரு கடி கிழங்கு கிடைத்தால் போதும் என்று இருந்தது அதற்கு.

இந்தப் பழக்கம் மருதிக்கு மட்டும் தெரிந்ததில்லை. அந்தக் காட்டில் கிழங்கு தோண்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருசம் கோடை முன்னாலேயே வந்துவிட்டது. ஓடை வற்றியது. அத்திக் காய்கள் பழுக்காமலே உதிர்ந்தன. மலைச்சரிவில் மண்ணுக்குள் இருந்த கிழங்குதான் மிச்சம். பலம் உள்ளவர்கள் தோண்டித் தின்றார்கள். முயலளவே உள்ள சருகுமான் அப்போது சூலாக இருந்தது. குச்சி மாதிரி காலை வைத்துக்கொண்டு அதனால் எதைத் தோண்ட முடியும்? மற்றவர்கள் தின்று போட்ட தோலை மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தது.

மந்திக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாறைமேல் ஏறி எல்லாரையும் கூப்பிட்டது.

"இனிமே யாரு தோண்டினாலும் இந்தப் பாறை நிழலுக்குக் கொண்டு வந்துடுங்க. நான் பங்கு போடறேன். தோண்ட முடியாதவங்களுக்கும் ரெண்டு வாய் கிடைக்கட்டும்."

எல்லாரும் சரி என்றார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. பிறகு கரடி முணுமுணுக்க ஆரம்பித்தது.

"நான் முதுகு ஒடியத் தோண்டறேன். நிழல்ல படுத்துக் கிடக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே பங்கா? நல்லா இருக்கு உன் நியாயம்."

மந்திக்குச் சங்கடமாகிவிட்டது. "யாரு எவ்வளவு பாடுபட்டாங்கன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? சரி, அவங்கவங்க குவியலைத் தனித்தனியா வைங்க. குவியல் பெருசா இருந்தா பங்கும் பெருசு. தோண்ட முடியாதவங்களுக்கு மிஞ்சினதுல ஒரு துண்டு."

அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது.

மறுநாள் கரடியின் குவியல் எல்லாருடையதையும்விட உயரமாக இருந்தது. மந்தி கிட்டே போய்ப் பார்த்தது.

"அண்ணே, இதுல தலையும் கிடக்கே?"

"குவியல்னுதானே சொன்னே? தலை கூடாதுன்னு சொன்னியா?"

மந்தி பெரிய பங்கைக் கொடுத்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அடுத்த நாள் எல்லாக் குவியலிலும் தலை இருந்தது. பங்கு போட்டு முடித்ததும் எல்லாரும் கிழங்கைத் தின்றுவிட்டுத் தலையைக் கடாசினார்கள். பாறைக்குக் கீழே தலைகள் குவிந்தன.

மருதி மட்டும் தலையைப் புதைத்துவிட்டே வந்தது. அதன் குவியல்தான் எல்லாவற்றிலும் சின்னது.

"என்ன மருதி, பாதியை மண்ணுக்கு ஊட்டிட்டு வந்தியா?" என்றது கரடி. "மண்ணுக்கு வயிறு நெறஞ்சுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். மருதிக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. முதுகில் அத்தனை முள் இருந்தும் ஒன்றுகூட நிமிரவில்லை. கிடைத்த சின்னப் பங்கை வாயில் கவ்விக்கொண்டு வளைக்குப் போனது. சின்னான் அதைத் தின்றுவிட்டு, கிழங்கு கிடந்த கல்லையும் நக்கியது. நக்கிக்கொண்டே தூங்கிப்போனது.

மறுநாள் மருதியும் தலையோடு கொண்டு போனது.

பங்கு பெரிதாகக் கிடைத்தது. சின்னான் வயிறு நிறையத் தின்றது. தின்றுவிட்டுக் கேட்டது.

"அம்மா, இன்னிக்கு வாயைப் புதைச்சியா?"

"பேசாம தூங்குடா," என்றது மருதி.

காலையில், முந்தின நாள் தான் தோண்டிய குழியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. குழி மூடாமல் கிடந்தது. மருதி நின்று சரிவை ஒரு சுற்றுப் பார்த்தது. மேலேயும் கீழேயும் திறந்த குழிகள். எதிலும் தலை இல்லை. அடுத்த கோடைக்குச் சின்னான் தோண்டுகிற வயசுக்கு வந்திருக்கும். இங்கேதான் வரும். நாளெல்லாம் தோண்டும். அதற்கு ஒன்றும் கிடைக்காது.

மருதி தோண்டப் போகவில்லை. பாறைக்குப் போய், கடாசிப் போட்டிருந்த தலைகளைப் புரட்டியது. வெயிலில் சுருங்கியவை நிறைய. அடியில் கிடந்தவற்றில் ஈரம் இருந்தது. அவற்றைக் கவ்விக்கொண்டு போய், குழி குழியாக வைத்து மூடியது.

"அம்மா, பசிக்குது," என்றது பின்னாலேயே வந்த சின்னான்.

"தெரியும்டா."

"அப்ப ஏன் தோண்டாம இருக்கே?"

மருதி இன்னொரு தலையைக் கவ்விக்கொண்டது. அடுத்த குழிக்குப் போனது.

பொழுது சாய்ந்ததும் எல்லாரும் பாறைக்கு வந்தார்கள். மருதி வெறும் வாயோடு வந்து நின்றது.

"உன் குவியல் எங்கே மருதி?" என்று கேட்டது மந்தி.

"இன்னிக்கு மண்ணு முழுசாவே தின்னுடுச்சு போல," என்றது கரடி. மறுபடி சிரிப்பு.

மருதி தரையைப் பார்த்துக்கொண்டே பேசியது.

"கரடியண்ணே, ஒண்ணு கேக்கறேன். இதுவரைக்கும் நீங்க ஒரு தலையாவது தின்னிருக்கீங்களா?"

"அந்தக் கசப்பை யாரு தின்பா?"

"பின்னே ஏன் தோண்டிக்கிட்டு வந்தீங்க?"

கரடி காதைச் சொறிந்தது. "நான் மட்டும் விட்டுட்டு வந்தா என் குவியல் குறையும். என் பங்கை இன்னொருத்தன் தின்னுட்டுப் போவான்."

"நேத்து நானும் அப்படி நினைச்சுத்தான் கொண்டாந்தேன்," என்றது மருதி. "எல்லாரும் அப்படியே நினைச்சோம். யாரும் தின்னாத ஒண்ணைக் குவியல் உயரத்துக்காகக் கொண்டாந்து காயப்போட்டோம். இன்னிக்கு என்னால முடிஞ்சதைத் திரும்பக் கொண்டு போய்ப் புதைச்சேன். அதைக் குவியலாக் கணக்கு வைக்க முடியாதுன்னா, எனக்குப் பங்கு வேணாம் மந்தியக்கா. என் பிள்ளைக்கு மட்டும் ஒரு துண்டு குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் நின்ற சருகுமான் தள்ளாடி வந்து, கீழே கிடந்த ஒரு தலையைக் கவ்வியது. "தோண்டத்தான் எனக்கு முடியாது," என்றது. "குழி இருக்கில்ல, போட்டு மூட முடியும்." வயிற்றைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி நடந்தது.

மந்தி எழுந்து குவியல்களுக்கு நடுவே வந்தது. பிறகு எல்லாக் குவியலையும் இரண்டு கையாலும் கலைத்து ஒன்றாக்கியது.

"தப்பு என் மேலதான். வயித்தைப் பார்த்துப் போட வேண்டிய பங்கைக் குவியலைப் பார்த்துப் போட்டேன். இனிமே யாருக்கு எவ்வளவு பசியோ அவ்வளவு பங்கு. தலையோட வர்ற கிழங்கு இந்த நிழலுக்குள்ள வரக் கூடாது."

அன்றைக்கு முதல் பங்கு சின்னானுக்குக் கிடைத்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. புதைத்த தலைகளில் பாதி, மண்ணுக்குள்ளேயே பொடிந்து போயின. கோடை முடிவதற்குள் கிழங்கு தீர்ந்தது. அந்த இல்லாத நாட்களில் சருகுமான் குட்டி போட்டது. பால் சுரக்கவில்லை. குட்டி பிழைக்கவில்லை. யாரும் கரடியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் கரடி ஒரு நாள் மலையைத் தாண்டிப் போனது. திரும்பி வரவே இல்லை.

பிறகு மழை வந்தது. மேல்சரிவு மொட்டையாகவே கிடந்தது. கீழ்ச்சரிவில், மருதியும் சருகுமானும் மூடிய குழிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடி எட்டிப் பார்த்தது. அந்தக் கொடிகள் வேங்கை மரத்தில் ஏறிப் படர்ந்து, அடுத்த கோடையில் காய்ந்தன.

சின்னான் தன் முதல் கிழங்கைத் தோண்டியது. மருதி கிழங்கின் தலையைக் கடித்துக் குழிக்குள் வைத்தது. மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னது.

"பங்கு போடறப்போ, பக்கத்துல நிக்கிறவங்களை மட்டும் பார்த்தாப் பத்தாதுடா. இந்த மண்ணையும் நம்ம கூட உக்கார வெச்சு, அதுக்கும் ஒரு பங்கு..."

"மருதி, சீக்கிரம் வா," என்று பாறையிலிருந்து மந்தி கூப்பிட்டது. "சருகுமானுக்குக் குட்டி போடற நோவு கண்டிருச்சு."

மருதி சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது. சின்னான் குழியைப் பார்த்தது. மிச்ச மண்ணைத் தானே தள்ளி மூடி, பாதத்தால் அழுத்தியது.

தின்பவர்களின் பசியைப் பார்த்துப் பங்கிட்டு, விளைந்த மண்ணுக்கும் ஒரு பங்கை விட்டு வைப்பவர்களுக்கே நாளைக்கும் சோறு இருக்கும்.