முதுகின் பெயரில்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஓர் அலுவலகத்து மேசையின் மேல் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளில் ஏழு கேள்விகள் குடியிருந்தன.

வயதானவர்களுக்குள்ளே எவ்வளவு துக்கம் இருக்கிறது என்று அளந்து வருவதுதான் அவற்றின் வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் வரிக் கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஆம்’, இன்னொன்று ‘இல்லை’. ‘ஆம்’ கட்டத்தில் ஒரு டிக் விழுந்தால் அந்தக் கேள்விக்கு வயிறு நிறைந்துவிடும். ஒரே ஆளுக்கு மூன்று ஆம் விழுந்தால், புதன்கிழமை ஜீப்பில் ஏற்றி அவரைக் கீழே டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். அதுதான் சட்டம்.

முதல் வரியில் இருந்தது மனசு. ‘கடந்த இரு வாரங்களில் தங்கள் மனம் சோர்வுற்றிருந்ததாக உணர்ந்தீர்களா?’ என்பது அதன் முழுப் பெயர். பெரிய நகரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்த பெயர். ஆர்வம், நம்பிக்கை, நிம்மதி என்று பக்கத்து வரிக்காரர்கள் மூவரும் அதே நகரத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்குக் கீழே பசி, தூக்கம்.

கடைசி வரியில் இருந்தது முதுகு. அதன் முழுப் பெயரே ‘முதுகு வலிக்குதா?’ என்பதுதான். தாளில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று யாரோ போகிற போக்கில் எழுதிச் சேர்த்தது.

“இந்தத் தாளே எனக்காகத்தான் அச்சானது. நீங்கள் ஆறு பேரும் எனக்குத் துணைக்கு வந்தவர்கள்” என்று மனசு அடிக்கடி சொல்லும்.

“சரிங்க” என்று சொல்லும் முதுகு. அவ்வளவுதான் அதன் பேச்சு.

ஒரு மாசி மாதம் தாள் மலையேறியது. ஜெசிந்தா என்கிற நர்ஸ் அதை அட்டையில் செருகிக்கொண்டு மேலே தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே இருந்த வயசாளிகள் எல்லாம் சிலோன் தோட்டங்களில் பிறந்து, இளவயதில் கப்பலேறி இங்கே வந்தவர்கள். இந்த மலையிலும் கொழுந்து பறித்து, செடி உயராமல் கவ்வாத்து வெட்டி, கடைசியில் ஓய்ந்து, ஒட்டி ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் உட்கார்ந்துவிட்டவர்கள். வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அடிவாரத்துக்காரர்களுக்கு அவர்கள் ‘சிலோன்காரங்க’தான்.

முதல் மாதம் மேல் லயன். மொத்தம் இருபது வீடு. எல்லா வீட்டிலும் மனசுதான் முன்னால் போய் நின்றது.

“சோர்வுங்களா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நர்ஸம்மா.”

“நல்லாத்தான் இருக்கோம்.”

“நீங்க வேற. இந்த வயசுல மனசாம்.”

இருபது வீட்டிலும் ‘இல்லை’. மனசு உதட்டைக் கடித்துக்கொண்டு விலகி நின்றது. கடைசியில் முதுகு போகும். அது வாயைத் திறந்ததுமே, “அத ஏன் கேக்கறீங்க” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாய் விரிப்பார்கள். தேத்தண்ணி வரும். பேச்சு சாயங்காலம் வரைக்கும் போகும். பேச்சோடு பேச்சாகத் தூக்கத்துக்கு ஒன்று, பசிக்கு ஒன்று என்றும் டிக் விழும். இருபது வீட்டிலும் முதுகுக்கு ‘ஆம்’.

அப்படி மூன்று சேர்ந்த ஐந்து பேர் ஜீப்பில் போய் வந்தார்கள். ஒரு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த செல்லாயி, மருந்து தின்று இரண்டு வாரத்தில் தண்ணீர்க் குழாயடிக்கு வந்து சண்டை போட்டாள். லயனே சந்தோஷப்பட்டது. “எல்லாம் அந்த முதுகுக் கேள்வியால வந்தது” என்றார்கள்.

மனசுக்கு வயிறு எரிந்தது.

“என்ன, பொறாமையா?” என்று கேட்டது பேனா. மூடியைக் கடித்துக் கடித்து ஜெசிந்தா அதை ஒரு வழி பண்ணியிருந்தாள்.

“எனக்கா? இரண்டு சொல் தாண்டாத அந்த வாக்கியத்தின் மேலா?”

“எனக்கென்ன தெரியும். நான் ஊத்துறது வெறும் மை. ஆனா அது பேரைச் சொன்னாலே உன் எழுத்தெல்லாம் கொஞ்சம் கோணுது.”

தாள் அலுவலகத்துக்குத் திரும்பியதும் மனசு நேராக மேசை மூலையில் கிடந்த அளவுகோலிடம் போனது. அளவுகோல் தேக்கு மரத்தில் செய்தது. மலை ஏறியதே இல்லை. எது வரியில் இருக்கலாம், எது கூடாது என்று சொல்வது அதன் உத்தியோகம்.

“ஐயா, வயதானால் முதுகு வலிக்குமா, வலிக்காதா?”

“வலிக்கும்.”

“சந்தோஷமாக இருக்கிற கிழவருக்கும்?”

“அவருக்கும்தான்.”

“அப்படியானால் அதை வைத்துத் துக்கத்தை அளப்பது என்ன நியாயம்? வெறும் வயசைத் துக்கம் என்று எழுதிக்கொண்டு வருகிறது. ஜீப்புக்கு வீண் செலவு.”

அளவுகோல் யோசித்துப் பார்த்தது. பேச்சில் பிழை இல்லை. ஆகவே சிவப்பு மையைக் கூப்பிட்டு, முதுகின் மேல் நீட்டிப் படுத்து ஒரு கோடு இழுக்கச் சொன்னது. பிறகு தூக்கத்தின் மேல். பிறகு பசியின் மேல்.

“அவை இரண்டையும் நான் சொல்லவில்லையே” என்றது மனசு.

“உடம்பு என்றால் எல்லாமே உடம்புதான். இனி நாலு கேள்வி. இரண்டு ஆம் விழுந்தால் ஜீப்.”

கோட்டுக்குக் கீழிருந்து முதுகு, “சரிங்க” என்றது. மனசுக்கு அன்று நல்ல தூக்கம்.

பங்குனியில் தாள் கீழ் லயனுக்குப் போனது. கடைசி வீடு ஒண்டிமுத்துவுடையது. எழுபத்து நாலு வயசு. நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆள். மனைவி பிச்சாயி ஐப்பசி மழையில் போய்விட்டாள். ஜெசிந்தாவின் கையில் தாளைப் பார்த்ததும் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மனசு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் முழுப் பெயரையும் சொன்னது.

“நல்லா இருக்கேங்க” என்றார் ஒண்டிமுத்து.

ஆர்வம் கேட்டது. நம்பிக்கை கேட்டது. நிம்மதி கேட்டது. “ஒரு குறையும் இல்லீங்க” என்றார் மூன்றுக்கும். நாலு கட்டத்திலும் ‘இல்லை’.

அடுத்த வீட்டு ரஞ்சிதம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “மாமா பொய் சொல்லுது நர்ஸக்கா. நான் குடுத்து விடுற சோத்துல முக்கால்வாசி என் கோழிக்குத்தான் போவுது. கோழி கொழுத்துப்போச்சு, மாமா கொக்காட்டம் ஆயிருச்சு.”

“உன் கோழி கேட்டுச்சு, குடுத்தேன். உனக்கென்னடி.”

“கோழி கேட்டுச்சாம்” என்று சிரித்தாள் ரஞ்சிதம்.

ஜெசிந்தா அடுப்பைப் பார்த்தாள். சாம்பல்கூடப் பழசாக இருந்தது. தாளைப் பார்த்தாள். நாலு இல்லை. அந்தக் கணக்குப்படி இந்த மலையிலேயே சுகமாக இருக்கிற ஆள் இவர்தான். எழுந்திருக்கப் போனவள், சிவப்புக் கோட்டைக் கவனித்தாள். கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிந்தது.

“முதுகு வலிக்குதா, தாத்தா?”

ஒண்டிமுத்து பொத்தானைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

“அத ஏன் கேக்கறீங்க. பிச்சாயி போன அன்னிக்குப் பிடிச்சது. மல்லாந்து படுத்தா அவ பக்கத்துச் சுவரு தெரியுது. அதனால கவுந்தே கிடக்கேன். தூக்கம் எங்க வருது. காலையில கண்ணு முழிச்சா, எதுக்கு எந்திரிக்கணும்னு முதுகு கேக்குது. நானும் தினம் ஏதாவது சொல்லி எழுப்புறேன். இப்போ சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.” கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “போதும்னு சொல்லுது, நர்ஸம்மா.”

ரஞ்சிதம் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

“நான் முதல்லயே கேட்டேனே தாத்தா, மனசு சோர்வா இருக்கான்னு.”

“மனசுக்கு யாரு லீவு குடுத்தா?” என்றார் அவர். “சிலோன்ல எனக்குப் பத்து வயசா இருக்கறப்ப தங்கச்சி செத்துப்போச்சு. அப்பா போய், வேலை வாங்குற கங்காணிகிட்ட, மனசு சரியில்லைங்க, இன்னிக்கு வேலைக்கு வரலைன்னாரு. எல்லாருக்கும்தான் சரியில்ல, போய் மலையில நில்லுன்னுட்டான். மறுநாள் அம்மா டிஸ்பென்சரிக்குப் போச்சு. முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லுச்சு. லீவுச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு நாள் வீட்ல கிடந்து அழுதுச்சு. அதுலேர்ந்து எங்க வீட்ல யாருக்கு என்ன வந்தாலும் முதுகுதான். லயன் பூராவும் அப்படித்தான்.”

தாளுக்குள் மனசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் அதற்கு வரவேண்டிய பதில். அத்தனையும் பக்கத்து வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பொறாமை அதற்கு அதுவரை வந்ததே இல்லை.

பேனா கட்டங்களுக்கு மேலே நின்று முழித்தது. “எங்கேப்பா போடறது? முதுகு மேல கோடு கிடக்கு. உன் இல்லையை அடிச்சிட்டு ஆம் போட்டுடட்டுமா? முதல் ஆம். இத்தனை நாள் பட்டினி கிடந்தியே.”

மனசுக்கு வாய் ஊறியது. “போட்டால் ஜீப் வருமா?”

“வராது. ஒண்ணுதானே ஆச்சு. ரெண்டு வேணும்.”

“முதுகுக்கும் தூக்கத்துக்கும் பசிக்கும் போட்டால்?”

“மூணு. பழைய சட்டப்படி வண்டி வாசலுக்கே வரும். ஆனா அதைத்தான் அடிச்சாச்சே.”

வெளியே ஒண்டிமுத்து மறுபடி பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். அவர் முழுக்கப் போட்டு முடித்தால் வீட்டின் கதவும் சாத்திக்கொள்ளும் என்று மனசுக்குத் தெரிந்தது.

“முதுகு” என்று கூப்பிட்டது. “அளவுகோலிடம் போய்ச் சொன்னது நான்தான்.”

“தெரியுங்க.”

“உனக்குக் கோபம் இல்லையா?”

“உங்ககிட்ட ‘இல்லை’ன்னு சொன்னப்ப அவங்க கண்ணு நனைஞ்சிருந்துச்சுங்க. அந்த இருபது வீட்லயும். நான் கண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க கட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

மனசு பேனாவைப் பார்த்து, “கோடு விழுந்த மூவருக்கும் புதுக் கட்டம் போடு. அளவுகோல் கேட்டால் என் பெயரைச் சொல்” என்றது.

ஜெசிந்தாவின் கை நகர்ந்தது. சிவப்புக் கோடுகளின் ஓரத்தில், அளவில்லாமல், கோணல்மாணலாக மூன்று கட்டங்கள் வரைந்தாள். மூன்றிலும் டிக் போட்டாள்.

“புதன்கிழமை ஜீப் வரும் தாத்தா. ரஞ்சிதம், அதுவரைக்கும் இவரைத் தனியா விடாதே.”

“நான் எதுக்கு ஜீப்புல?” என்றார் ஒண்டிமுத்து.

“முதுகுக்குத்தான்.”

“அப்ப சரிங்க.”

புதன்கிழமை டாக்டரின் மேசையில் தாள் விரிந்து கிடந்தது. மனசுக்கு ஒரு பயம் இருந்தது, அவர் பழக்கத்தில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிடுவாரோ என்று. அவர் கோணல் கட்டங்களைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெரியவரின் நடுமுதுகில் கையை வைத்தார்.

“இங்கேயா வலிக்குது?”

ஒண்டிமுத்து பேசத் தொடங்கினார். பிச்சாயி வந்தாள், கோழி வந்தது, சிலோன் வந்தது, செத்துப்போன தங்கச்சி வந்தாள். நடுவில் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டபோது டாக்டர் கையை எடுக்கவில்லை.

முதல் வரியில் மனசுக்குப் பொறாமை இருக்கத்தான் செய்தது. ஆனால் பெரியவர் பேசி முடிக்கிறவரைக்கும் அது கட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.