யார் முதல் என்று கேட்காத ஊர்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கெல்லாம் பேச வரும். முயல் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசும், கரடி தூக்கத்தைப் பற்றிப் பேசும், காக்கை ஊர்வம்பு பேசும். ஓநாய் மட்டும் கேள்வி கேட்கும். கேள்வி கேட்கிறவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உலகத்தின் வடக்கு ஓரத்தில், இன்று நார்வே என்கிறோமே, அங்கே மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. வருஷத்தில் பாதி நாள் பனி. நமக்கு மார்கழிக் குளிரே ஆகாது, மப்ளரைத் தேட ஆரம்பித்துவிடுவோம். அங்கே ஆடு கட்டும் கயிறுகூடக் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். ஆனாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே? நீளமான இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்கி ஏரிக்கரைக்கு வருவார்கள். விழுவார்கள், எழுவார்கள், மூக்கு ஒழுகச் சிரிப்பார்கள், மறுபடி மேலே ஏறுவார்கள். யாரும் எதையும் எண்ணியதில்லை.

ஊர்த்தலைவன் ஹல்வோருக்குத்தான் வாய் சும்மா இருக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஏரிக்கரையில் ஒற்றையாக நின்ற தேவதாரு மரத்தை அவன் மகள் ஓசா மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் வந்து தொட்டாள். பெற்ற மனம் குளிர்ந்துபோய், மலை அதிரக் கத்தினான்.

“பாத்தீங்களா! என் பொண்ணுதான் முதல்!”

அதற்கு முன் அந்த ஊரில் பிள்ளைகள் காதில் யாரும் அப்படி ஒரு சொல்லைப் போட்டதில்லை. புதருக்குப் பின்னால் படுத்திருந்த நரையன் என்ற ஓநாய் காதை நிமிர்த்தியது. சோம்பல் முறித்து எழுந்து, மெதுவாக நடந்து வந்தது.

“ஒரு சந்தேகம், தலைவரே. முதல்னு ஒண்ணு இருந்தா கடைசின்னும் ஒண்ணு இருக்கணுமே?”

“இருக்கும்தான்,” என்றான் ஹல்வோர், பெருமை இன்னும் இறங்காமல்.

“முதல் உங்களுது. சரி. அப்ப கடைசி யாருது?”

ஊரே திருதிருவென்று விழித்தது. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது நரையன்.

“அப்ப கடைசி எனக்கு. அடுத்த குளிர்லேருந்து ஏரி உறையறப்பல்லாம் வருவேன். பலகை கட்டத் தெரிஞ்ச, பால்பல் இருக்கிற புள்ளைங்க எல்லாம் ஓடி வந்து இந்த மரத்தைத் தொடணும். ஓட்டம் இல்லேன்னா உங்க மந்தையில ஒரு ஆடு மிஞ்சாது. ஆடு இல்லாம இந்தக் குளிரை நீங்க எப்படித் தாண்டுவீங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.”

அடுத்த குளிரில் ஓட்டம் நடந்தது. ஓசா முதலில் வந்தாள். கடைசியில் வந்தவன் தூரே, கன்னம் உப்பிய குண்டுப் பையன், வழியில் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுகிறவன். பனி உருகியபோது அவனுடைய கையுறை ஒன்று மட்டும் காட்டோரத்தில் கிடைத்தது.

மறுவருஷம் முதல் பனி விழுந்ததுமே பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தார்கள். பெற்றவர்கள் வெளியே இழுத்து, திட்டித் திட்டிப் பழக்கினார்கள். பயந்த காலுக்கு வழி தெரியுமா? தடுக்கி விழுந்தார்கள். விழுந்தால் அழுதார்கள். அந்தச் சரிவில் சிரிப்புச் சத்தமே இல்லாமல் போயிற்று.

அந்த ஊரில் ரக்னா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் கடலுக்கு மீன்பிடிக்கப் போனால் குளிர் முடிந்துதான் திரும்புவான். காலில் சக்கரம் கட்டியவள் என்று ஊரில் எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். கஞ்சியைக் கிளறிக்கொண்டே வாசலை எட்டிப் பார்ப்பாள், வாசலுக்கு வந்தால் மலையைப் பார்ப்பாள், மலைக்குப் போனால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். இந்த வருஷம் அவளுக்கு இருந்த இருப்புக்கொள்ளாமை வேறு. அவள் மகள் யோருன் பலகை கட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவையாக ஓட வேண்டிய வருஷம் அது. யோருனுக்குப் பிறவியிலேயே இடதுகால் கொஞ்சம் குட்டை.

கடைசி யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லைதான். ஆனால் மற்ற தாய்மார்கள் அந்த வருஷம் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள். ரக்னாவைக் கண்டால் தேவைக்கு மேல் அன்பாகப் பேசினார்கள், யோருன் கையில் வெண்ணெய்க்கட்டி வைத்துக் கொடுத்தார்கள். அந்த அன்பைத்தான் ரக்னாவால் தாங்க முடியவில்லை.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல அலைந்தாள். பலகைகளுக்குக் கொழுப்புத் தடவிப் பார்த்தாள். குட்டைக் காலுக்குக் கம்பளி சுற்றிப் பார்த்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கணவாய்வரை போனாள். அங்கே நரையன் உட்கார்ந்து, “எங்கம்மா கிளம்பிட்டே?” என்று கேட்டது. திரும்பி வந்து நேரே ஹல்வோர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

“தலைவரே, இந்த ஓட்டத்தை நிறுத்துங்க.”

“நான் என்ன பண்ணட்டும் ரக்னா? மந்தை போச்சுன்னா மொத்த ஊரும் போச்சு. தூரே போனப்ப நான் அழலையா?”

“அழுதீங்க. அழுத கையோட, முதல்ல வந்தான்னு உங்க பொண்ணு கழுத்துல வெள்ளி மணியும் கட்டினீங்க.”

ஹல்வோருக்கு முகம் சிவந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஓசா தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கழுத்தில் மணி இல்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

ஏரி உறைந்தது. ஓட்டத்தின் நாள் வந்தது. பிள்ளைகளை மலையுச்சியில் வரிசையாக நிறுத்தினார்கள். பெற்றவர்கள் சரிவின் ஓரத்தில் நின்றார்கள். கீழே மரத்தடியில் நரையன் நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. கொம்பு ஊதியதும் பிள்ளைகள் பாய்ந்தார்கள்.

ரக்னாவால் நிற்க முடியவில்லை. தன் பலகைகளைக் கட்டிக்கொண்டு ஓரத்திலேயே இறங்கினாள். திரும்பிப் பார்த்தால் யோருன் விழுந்து கிடந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். மற்றவர்கள் பாதிச் சரிவைத் தாண்டிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓசா, பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ரக்னா ஓநாயைப் பார்த்தாள். அது மலையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. மரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

மரத்தைத் தொட்டால்தானே முதல்? மரத்தைத் தொட்டால்தானே கடைசி?

அவ்வளவுதான். யோசித்து முடிப்பதற்குள் கால் கிளம்பிவிட்டது. சரிவின் குறுக்கே பாய்ந்து, மரத்துக்கும் ஓசாவுக்கும் நடுவில் போய்ப் பனி தெறிக்கத் திரும்பினாள்.

“ஓசா! இந்தப் பக்கம் வாடி கண்ணு! அந்தப் பாறைக்குப் பின்னால இதைவிட நல்ல சரிவு இருக்கு! என்கூட யாரு வர்றீங்க?”

ரக்னாவை ஒதுங்கிக் கடந்தால் ஓசாவுக்கு மரம் கைக்கெட்டும் தூரம். கையை நீட்டினால் முதல். ஓரத்திலிருந்து ஹல்வோர், “தொடு! தொடு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். ஓசா அப்பாவைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். பிறகு சட்டென்று உடம்பைச் சாய்த்து ரக்னாவின் பின்னால் திரும்பிவிட்டாள்.

முன்னால் போகிறவள் திரும்பினால் பின்னால் வருகிறவர்களும் திரும்பத்தானே செய்வார்கள்? எல்லாப் பிள்ளைகளும் மரத்தை விட்டு விலகி, பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கச் சரிவில் ஏறிச் சறுக்கினார்கள். கடைசியில் யோருனும் விந்தி விந்தி வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு மேடு இருந்தது. யாரோ அதில் ஏறிப் பறந்து, மூக்குக் குப்புறப் பனியில் போய்ச் சொருகிக்கொண்டார்கள். ஒரு சிரிப்பு கேட்டது. தூரே போன பிறகு அந்த மலையில் கேட்ட முதல் சிரிப்பு அது. ரக்னா நின்ற இடத்திலேயே அழுதாள்.

நரையன் காத்திருந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தது. “என்ன, முடிஞ்சுதா?”

“இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்காங்க,” என்றாள் ரக்னா.

“எப்ப முடியும்?”

“அவங்களுக்கு எப்ப அலுக்குதோ அப்ப.”

சின்னப் பிள்ளைகள்தானே, சீக்கிரம் அலுத்துவிடும் என்று ஓநாய் நினைத்தது. பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாத ஓநாய் அது. பொழுது சாய்ந்தது. பிள்ளைகள் பசியோடு வீட்டுப் பக்கம் நடந்தார்கள். நரையன் உறுமியது.

“ஏய், வீட்டுக்குப் போறாங்களே!”

“சாப்பிட்டுட்டு வந்து மறுபடி ஓடுவாங்க. நடுவுல சாப்பிடக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே?”

ஓநாய் அவளை உற்றுப் பார்த்தது. பிறகு பல் தெரியச் சிரித்தது. “சரிம்மா. ஆனா ஒரு புள்ளை வாயிலிருந்து ‘நான்தான் முதல்’னு ஒரு வார்த்தை வந்தா போதும், ஓட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் கடைசி எதுன்னு எனக்குத் தெரியும். இல்லே, ஒருநாள் யாருமே பனியில இறங்கலைன்னாலும் ஓட்டம் முடிஞ்ச மாதிரிதான்.”

ரக்னா யோருனை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, வீடு வீடாக ஓடினாள். “கேக்காதீங்க. யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு புள்ளைங்ககிட்ட கேக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.” ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகையில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை சாவகாசமாகச் சொன்னது: “ஹல்வோர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நரையன் படுத்திருக்கான். ஏன்னு தெரியலை.”

காக்கைக்குத் தெரியாமலா இருக்கும்? ரக்னா விழுந்தடித்து ஓடினாள். கதவுக்கு அருகே போகும்போதே உள்ளிருந்து ஹல்வோரின் குரல் கேட்டது. ஜன்னலுக்குக் கீழே ஓநாயின் இரண்டு காதுகளும் விறைத்து நின்றன.

“ஓசா, திரும்புறதுக்கு முன்னாடி மரத்துக்கிட்ட வந்துட்டே இல்லே? வேற யாரும் உன் பக்கத்துலகூட இல்லே. நீதானே முன்னாடி? சொல்லும்மா. அப்பாகிட்ட மட்டும் சொல்லு.”

ரக்னாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கால் அசையவில்லை. அவள் மகளின் உயிர் இன்னொரு குழந்தையின் நாக்கு நுனியில் இருந்தது.

“தெரியலப்பா,” என்றாள் ஓசா. “நாளைக்கும் போகணும்பா. அந்த மேட்டுல இருந்து குதிச்சா பறக்கலாம்.”

“அது கிடக்கட்டும். யாரு முன்னாடி—”

“அப்பா.” ஓசாவின் குரல் உடைந்தது. “அன்னைக்கு தூரே என்னைக் கூப்பிட்டான்பா. பின்னாலேருந்து, ‘ஓசா, நில்லு’ன்னான். முதல்ல வரணும்னு நான் திரும்பியே பாக்கலை.”

ஹல்வோர் எழுந்தான். மகளின் பலகைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுப்போரத்தில் உருகிக்கொண்டிருந்த, பலகை வழுக்கப் பூசும் மரத்தாரைத் தொட்டுத் தொட்டு, அவற்றின் அடிப்பக்கத்தில் தடவ ஆரம்பித்தான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. வாழ்நாளெல்லாம் பேசியவன் வாயை மூடக் கற்றுக்கொண்ட நாள் அது.

ஜன்னலடியில் காத்திருந்து பார்த்துவிட்டு, நரையன் எழுந்து மரத்தடிக்கே போயிற்று.

மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் பனியில் இறங்கினார்கள். அதற்கடுத்த நாளும். சூறைக்காற்று அடித்த நாளில் ஹல்வோரே முன்னால் நின்று, “வெளியே போங்க, வெளியே போங்க, அப்புறம் கஞ்சி குடிக்கலாம்,” என்று விரட்டினான். ஒருநாள் நின்றால் ஓட்டம் முடிந்துவிடுமே! நடக்கத் தெரிந்த குழந்தையிலிருந்து எல்லாரும் பனியிலேயே கிடந்தார்கள். நேராகச் சறுக்கி அலுத்தபோது வளைந்து சறுக்கினார்கள், கூரைமேல் ஏறிக் குதித்தார்கள், உறைந்த ஏரியில் வழுக்கினார்கள். யார் விழுந்தாலும் விழுந்தவனுக்காக ஓநாய் வரவில்லை. விழுவதற்குப் பயமில்லை என்றால் மனிதக் கால் என்னவெல்லாம் செய்யும் என்பதை அந்த ஊர் அப்போதுதான் பார்த்தது.

குளிர் போயிற்று, மறு குளிர் வந்தது. “முடிஞ்சுதா?” என்றது நரையன். “இன்னும் இல்லே,” என்றாள் ரக்னா. யோருனுக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்து முளைத்தது. கடைசிப் பால்பல்லும் விழுந்த நாளில் ரக்னா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு ஏரிக்கு அக்கரைவரை கேட்டதாம். இனி ஓநாய்க்கு மகள்மேல் பாத்தியதை இல்லை. அந்த வருஷம் யோருன் பக்கத்துத் தேசத்துக்குப் போய்ப் பெரியவர்களோடு ஓடினாள். முதலில் வந்தாளா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதீர்கள், எங்கேயாவது ஓநாய் காதில் விழுந்துவைக்கும்.

அன்று முதல்தான் அந்த நாட்டில் பால்பல் விழாத பிள்ளையிடம் யார் முதல் என்று கேட்பதில்லை. எந்தக் குளிரிலும் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைப்பதுமில்லை. அப்படி வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி வெளிதேசத்துப் பனியில் இறங்கும்போது, சென்னை அளவு ஜனம்கூட இல்லாத அந்தச் சின்ன நாடு பதக்கங்களை வாரிக்கொண்டு போகிறது. மற்ற நாட்டார் வயிறு எரிந்து, அவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். பதக்கத்தை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். அங்கே தாய்மார்கள் பொழுது சாய்ந்ததும் வாசலில் கழற்றிவைத்த பலகைகளைத்தான் எண்ணுகிறார்கள், ஒரு ஜோடிகூடக் குறையக் கூடாது என்று.